பிரசார் பாரதிக்கு யார் பணம் தருவது? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

பிரசார் பாரதி நிறுவனத்தின் கீழ் இயங்கும் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் ஆளும் கட்சியின் ஊதுகுழலாக இருக்கக் கூடாது என்றால், அவற்றை யாருடைய பணத்தில் நடத்துவது? ஊடகங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது. பிபிசிக்கு பிரிட்டன் மக்கள் நேரடியாகக் கட்டணம் கட்டுகிறார்களே, அதையே இங்கும் செய்தால் என்ன என்கிறார்கள் சிலர். ஏற்கெனவே கட்டும் வரி போதாதா, விளம்பரத்தில் சம்பாதித்துக்கொள்ளட்டும் என்கிறார்கள் வேறு சிலர். யாரும் பார்க்காத சேனலுக்கு எதற்குச் செலவு, மூடிவிடலாம் என்பவர்களும் உண்டு.

மூடலாம் என்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களும் கைபேசிக் கோபுரங்களும் சாய்ந்தன. கைபேசி வெறும் கையடக்கப் பெட்டியாகிவிடும் அப்படிப்பட்ட நாட்களில் பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்கு மாற்று கிடையாது. கடலோர எச்சரிக்கை, நெல்லுக்கு எந்த வாரத்தில் என்ன மருந்து என்ற வேளாண் செய்தி, ஒரு மணி நேர நாகஸ்வரக் கச்சேரி ஆகியவற்றைச் சந்தை தானாகத் தராது. ஆகவே பொது ஒலிபரப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதை எப்படி நடத்துவது என்பதை மட்டும் இங்கே எடைபோடுகிறேன்.

## இப்போது என்ன நடக்கிறது

பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர ஏழு ஆண்டுகள் ஆயின. 1997 நவம்பரில்தான் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் துறைகளாக இருந்த நிலை மாறி, சட்டப்படி அமைந்த ஒரு நிறுவனத்தின் கீழ் வந்தன.

பணம் இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. பெரியது மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கும் மானியம். 2022-23-ல் அது சுமார் 2,500 கோடி ரூபாய். பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. 140 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 18 ரூபாய் வரும். ஒரு தேநீரின் விலைக்குச் சற்று மேல். சிறிய வாய்க்கால், நிறுவனம் தானே ஈட்டும் வருமானம்: விளம்பரங்கள், விளையாட்டு ஒளிபரப்பில் கிடைக்கும் பங்கு, தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலம் விட்டு வரும் தொகை.

நிர்வாகத்தை ஒரு வாரியம் பார்க்கிறது. மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர் ஆகிய மூவர் குழு பரிந்துரைத்தே வாரியத் தலைவரும் உறுப்பினர்களும் வருகிறார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு மத்திய அரசு ஆணை பிறப்பிக்க இடம் தருகிறது. ஊழியர் நியமனம், பணி நிபந்தனைகள் போன்றவற்றில் விதிமுறைகளும் அரசின் ஒப்புதலைச் சார்ந்தே நிற்கின்றன. நிறுவனத்தைக் கண்காணிக்க 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு வேண்டும் என்று 13-ஆவது பிரிவு சொன்னது. அது அமையவே இல்லை. ஊழியர் தேர்வு வாரியம் 2020-ல்தான் வந்தது, அதாவது சட்டம் நிறைவேறி முப்பது ஆண்டுகள் கழித்து.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு நிதி முறையை நல்லது, கெட்டது என்று சொல்வதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவதும் முக்கியமானதும்: கோபம் வந்தால் பணத்தை நிறுத்தவோ குறைக்கவோ யாரால் முடியும்? எவ்வளவு சீக்கிரம் முடியும்? 1995-ல் உச்ச நீதிமன்றம் வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் ஏகபோகமும் அல்ல, தனியார் உடைமையும் அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு உண்மையில் உயிர் இருக்கிறதா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் தெரியும்.

அடுத்து, தொகை போதுமானதா, ஐந்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தெரியுமா. பிறகு, சுமை யார் தலையில் விழுகிறது: கூலித் தொழிலாளியும் கோடீஸ்வரரும் ஒரே தொகை கட்டுகிறார்களா. நான்காவதாக, வசூலிக்க ஆகும் செலவும் தொல்லையும். கடைசியாக, பணம் வரும் விதம் நிகழ்ச்சிகளை எப்படி மாற்றுகிறது.

## வழி 1: உரிமக் கட்டணம்

பிரிட்டன் இதன் தாயகம். தொலைக்காட்சி பார்க்கும் வீடு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும்; 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்ட் ஆனது. பிபிசியின் உள்நாட்டு ஒலிபரப்பில் விளம்பரம் இல்லை. கட்டணம் கருவூலத்தின் ஆண்டுப் பேரத்தில் சிக்காமல் தனியாக வருகிறது என்பதே இதன் பெருமை.

அந்தப் பெருமைக்குள் ஓட்டைகள் உண்டு. கட்டணம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது அரசுதான். 2022-லிருந்து இரண்டு ஆண்டுகள் 159 பவுண்டிலேயே உறைய வைத்தார்கள்; விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அது வெட்டுக்குச் சமம். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணமில்லா உரிமம் என்பது அரசு கொடுத்த சலுகை. 2015-ல் அந்தச் சுமையை பிபிசியின் தோளுக்கு மாற்றினார்கள். 2020-ல் பிபிசி அதை ஏழை முதியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியபோது கெட்ட பெயர் பிபிசிக்கு வந்தது. இப்போது பத்தில் ஒரு வீட்டுக்கும் மேல் கட்டாமல் இருக்கிறது. கட்டாததற்காக வழக்குக்கு ஆளாவோரில் பெரும்பான்மையோர் பெண்கள், ஏனென்றால் ஆய்வாளர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் அவர்களே. இது மறைமுகச் செலவு. எந்த வரவுசெலவுக் கணக்கிலும் தெரியாது.

ஜப்பானில் என்எச்கே நிறுவனத்துக்கும் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் கட்டணம் கட்டுகின்றன. வெகுகாலம் அங்கே கட்டாதவர்களுக்குத் தண்டனை இல்லை. சட்டத்தை மதிக்கும் பழக்கத்தை நம்பியே அந்த முறை ஓடியது. 2017 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இக்கட்டணம் அரசியல் சட்டப்படி செல்லும் என்றது.

இந்தியாவுக்கு இது புதிதல்ல என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருந்தவர்கள் அஞ்சலகத்துக்குப் போய் உரிமம் புதுப்பித்தார்கள். பாஸ் புத்தகம் போல ஒரு சிறு புத்தகம்; அதில் கட்டணத்துக்கான வில்லை ஒட்டி, அஞ்சலக முத்திரை குத்தித் தருவார்கள். ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். இன்றும் சில வீடுகளில் பழைய மர்ஃபி பெட்டியோடு அந்தப் புத்தகமும் இருக்கும். 1985-ல் கட்டணம் கைவிடப்பட்டது.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது நாடெங்கும் ரேடியோ வைத்திருந்தவர்கள் உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் ஆகாசவாணி சுதந்திரமாக இருந்ததா? எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதான செய்தி எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதை அமைச்சகம் தீர்மானித்தது. கட்டணம் மக்களிடமிருந்து வந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் அரசின் கஜானா. நிலையத்தில் இருந்தவர்கள் அரசு ஊழியர்கள். மக்களே கட்டினால் மக்கள் குரலாகிவிடும் என்ற நம்பிக்கையை நம் வரலாறே மறுக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் இன்னொரு பாடம். 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப், பணம் இல்லாமல் 1927-ல் நின்றது. அதே ஆண்டு பம்பாயில் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி உரிமக் கட்டணத்தை நம்பி நடந்தது. பெட்டிகள் மிகக் குறைவு, கட்டியவர்கள் அதைவிடக் குறைவு. 1930-ல் திவாலாகி அரசின் கைக்குப் போனது. ஒலிபரப்பு இங்கே அரசுத் துறையாக மாறியதன் தொடக்கம் ஒரு நிதித் தோல்விதான்.

பிரசார் பாரதி சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வசூலாகும் உரிமக் கட்டணத்தை நிறுவனத்துக்குத் தரலாம் என்கிறது, ‘ஏதேனும் இருந்தால்’ என்ற நிபந்தனையோடு. ஆகவே சட்டக் கதவு திறந்தே இருக்கிறது. 20 கோடித் தொலைக்காட்சி வீடுகள் மாதம் 20 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 4,800 கோடி கிடைக்கும். இப்போதைய மானியத்தைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் யார் போய் வசூலிப்பது? 2006 தேர்தலுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த தமிழ்நாட்டில், அந்தப் பெட்டிக்கு மாதக் கட்டணம் என்று சொல்ல எந்தக் கட்சி முன்வரும்?

இது பொருந்தும் இடம்: எல்லா வீடுகளும் முகவரியோடு பதிவாகியிருக்கும், வருமான ஏற்றத்தாழ்வு அதிகமில்லாத, ஒலிபரப்பாளர் மீது ஏற்கெனவே நம்பிக்கை உள்ள நாடு. புதிதாக நம்பிக்கையைக் கட்டி எழுப்ப வேண்டிய இடத்தில் கட்டணத்தோடு தொடங்குவது தலைகீழ் வேலை.

## வழி 2: வீட்டுப் பங்களிப்பு, வேறு கட்டணத்தோடு சேர்த்து

பெட்டி இருக்கிறதா என்று தேடிப் போவதே தொல்லை என்று ஜெர்மனி 2013-ல் முடிவெடுத்தது. இப்போது தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்டுகிறது. ஆண்டுக்கு 220 யூரோ. உலகிலேயே வளமான பொது ஒலிபரப்பு அங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனியிடம் நான் வியப்பது தொகையை அல்ல, அதை நிர்ணயிக்கும் விதத்தை. கேஇஎஃப் என்று ஒரு ஆணையம். மாநிலத்துக்கு ஒருவராக 16 நிபுணர்கள். நிறுவனங்கள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று விண்ணப்பிக்கின்றன. ஆணையம் கணக்கைக் கிளறி, வெட்டவேண்டியதை வெட்டி, ஒரு தொகையைப் பரிந்துரைக்கிறது. மாநிலச் சட்டமன்றங்கள் அதை ஏற்க வேண்டும். 2020 டிசம்பரில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் முட்டுக்கட்டை போட்டது. அரசியல் சட்ட நீதிமன்றம் 2021-ல் தலையிட்டு, உயர்வை நடைமுறைப்படுத்து என்றது. 2014-ல் அதே நீதிமன்றம், இசட்டிஎஃப் தொலைக்காட்சியின் மேற்பார்வைக் குழுக்களில் அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. நாஜிகள் வானொலியை என்ன செய்தார்கள் என்று பட்டறிந்த சமூகம் எழுப்பிய மதில் இது.

அந்த மதிலும் முழுமையல்ல. 2025 முதல் 18.94 யூரோ என்று ஆணையம் பரிந்துரைத்தது, மாநிலங்கள் நிறைவேற்றவில்லை, ஏஆர்டி, இசட்டிஎஃப் ஆகிய பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போயின.

வசூலுக்கு இத்தாலி ஒரு குறுக்குவழி கண்டது. 2016 முதல் ராய் நிறுவனத்தின் கட்டணத்தை மின்கட்டணத்தோடு சேர்த்தார்கள். ஏய்ப்பு வெகுவாகக் குறைந்தது. தென்கொரியாவில் 1994 முதல் கேபிஎஸ் கட்டணமான 2,500 வோன் மின்கட்டணத்தோடுதான் வந்தது. 2023-ல் அரசு ஓர் ஆணையால் இரண்டையும் பிரித்தது. கேபிஎஸ் தடுமாறியது. 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மறுபடி சேர்த்தது. வசூல் ரசீதைப் பிரிப்பதே ஒரு ஆயுதமாக முடியும் என்று இதிலிருந்து தெரிகிறது.

கிரேக்கத்தின் கதை இன்னும் கடுமையானது. அங்கும் ஈஆர்டி நிறுவனத்தின் கட்டணம் மின்கட்டணத்தில்தான் வந்தது. 2013 ஜூன் 11 அன்று அரசு அதை மூடுவதாக அறிவித்தது. அன்றிரவே திரை இருண்டது. மக்கள் கட்டிய பணம் அதைக் காப்பாற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஆட்சி மாறிய பிறகே மீண்டும் திறந்தார்கள்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல லட்சம் வீடுகளுக்குக் கட்டணமே பூஜ்யம். பூஜ்யம் என்று வரும் அட்டையில் மத்திய அரசு நிறுவனத்துக்காக 40 ரூபாய் என்று அச்சடித்தால், மாநில மின்வாரியம் அதை ஏன் வசூலித்துத் தர வேண்டும் என்ற கேள்வி எழும். எழுவதில் நியாயமும் இருக்கிறது. இந்தி நிகழ்ச்சிகளின் எடையைப் பற்றிய பழைய வாதமும் கூடவே வரும். ஜெர்மனியில் ஒலிபரப்பு மாநிலங்களின் அதிகாரம். வசூலும் கட்டுப்பாடும் ஒரே கையில். இங்கே வசூல் ஒரு கையிலும் கட்டுப்பாடு வேறு கையிலும் இருக்கும்.

## வழி 3: வருமானத்தோடு இணைந்த தனி வரி

பின்லாந்து 2013-லும் சுவீடன் 2019-லும் இதற்கு மாறின. வருமானத்துக்கேற்ப, ஓர் உச்சவரம்புக்குள், வரித்துறையே வசூலிக்கிறது. ஏழைக்குச் சுமை குறைவு, வசூல் செலவு ஏறக்குறைய இல்லை. நியாயத்தின் அளவுகோலில் ஆறு வழிகளில் இதுவே முதலிடம்.

இந்தியாவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வோரே மக்கள்தொகையில் சிறு பங்கு. அதிலும் 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. எனவே இங்கே அது ஒரு கூடுதல் தீர்வையாகத்தான் (செஸ்) வரும். தீர்வைகளின் கதை நமக்குத் தெரியும்: 2018-19-ல் வசூலான தீர்வைப் பணத்தில் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் உரிய நிதியங்களுக்கு மாற்றப்படாமல் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். பெயர் ஒலிபரப்புக்கு, பணம் வேறு எதற்கோ என்று ஆகிவிடும். இதை நான் இத்தோடு விடுகிறேன்.

## வழி 4: பட்ஜெட் மானியம்

ஆண்டுதோறும் அரசு கொடுப்பது. வசூல் செலவு கிடையாது. பணக்காரர் அதிகம் கட்டும் நேரடி வரியிலிருந்தும், எல்லோரும் கட்டும் ஜிஎஸ்டியிலிருந்தும் வருவதால் சுமை பரவலாக விழுகிறது. பெட்டி இருக்கிறதா என்று யாரும் கதவைத் தட்ட வேண்டாம்.

குறை எல்லாம் முதல் கேள்வியில். 2018-ன் தொடக்கத்தில், சம்பளத்துக்கான மானியத்தை அமைச்சகம் நிறுத்தி வைத்திருப்பதாக அப்போதைய பிரசார் பாரதித் தலைவர் ஏ. சூர்யபிரகாஷ் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரி என்பதைவிட, அப்படி ஒரு சச்சரவு எழ முடிகிறது என்பதே எனக்குக் கவலை தருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை, மாற்றித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்று அங்குள்ள நிலையம் சொன்னதும் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு முதல்வரின் உரையையே திருத்தச் சொல்லும் நிலையம், ஒரு கிராமத்து விவசாயியின் புகாரை எப்படி ஒலிபரப்பும்?

மானியத்தின் கண்ணுக்குத் தெரியாத செலவு நிலையங்களுக்குள்தான் இருக்கிறது. சம்பளத்துக்கு மட்டும் பணம் வந்து, நிகழ்ச்சிக்குக் குறைவாக வரும்போது, ஓய்வு பெறுவோரின் இடங்கள் நிரப்பப்படுவதில்லை. ஒலிவாங்கியின் முன்னால் இருப்பவர்கள் நாள் கணக்கில் ஊதியம் வாங்கும் பகுதிநேர அறிவிப்பாளர்கள். மாதத்துக்குச் சில பணிநாட்கள், அடுத்த மாதம் பட்டியலில் பெயர் வருமா என்ற கவலை. நாம் காலையில் கேட்கும் அந்த நிதானமான குரலுக்குப் பின்னால் இருக்கும் நிச்சயமின்மை நேயர்களுக்குத் தெரிவதில்லை.

ஆனால் மானியம் என்றாலே அடிமைத்தனம் என்று முடிவு கட்டவும் முடியாது. பிபிசி உலக சேவையின் தமிழ் ஒலிபரப்பாக 1941-ல் தொடங்கிய தமிழோசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 வரை பிபிசி உலக சேவைக்குப் பணம் கொடுத்தது பிரிட்டன் வெளியுறவு அமைச்சகம். உரிமக் கட்டணம் அல்ல. ஓர் அரசின் வெளியுறவு அமைச்சகப் பணம். இருந்தும் இலங்கைப் போரின் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டிலும் இரவு நேரத்தில் சிற்றலையைத் திருகித் தமிழோசைக்காகக் காத்திருந்தார்கள். அமைச்சகம் எந்த மொழியில் ஒலிபரப்பு வேண்டும் என்று சொல்லலாம், செய்தியில் எது போக வேண்டும் என்று சொல்ல முடியாது என்ற மதில் அங்கே இருந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் கட்டணம் கட்டிய ஆகாசவாணி 1975-ல் வாய் பொத்திக்கொண்டது. அரசு மானியத்தில் நடந்த தமிழோசை நம்பிக்கையைச் சம்பாதித்தது. பணத்தின் ஊற்று எது என்பதைவிட, மடையின் சாவி யார் கையில் என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவும் இந்த வழியில்தான் போகிறது. 1974-ல் அங்கே உரிமக் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். அங்குள்ள பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசிக்கு மானியம் மட்டும், விளம்பரம் இல்லை. தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலிபரப்பும் எஸ்பிஎஸ்ஸுக்கு மானியத்தோடு கொஞ்சம் விளம்பரமும் உண்டு. 2013 தேர்தலுக்கு முந்தைய நாள், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் இவ்விரண்டிலும் வெட்டு இருக்காது என்றார். அடுத்த ஆண்டே அவர் அரசு வெட்டியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2023-ல் நிதியை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிர்ணயிக்கும் முறைக்கு வந்தார்கள். ஐந்தாண்டு என்றால் ஒரு தேர்தலைத் தாண்டும்.

## வழி 5: விளம்பரமும் சந்தை வருவாயும்

ஆகாசவாணிக்கு விளம்பரம் வந்ததன் பின்னணியில் இலங்கை வானொலி இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது நேயர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குப் போனார்கள். 1957-ல் ஆகாசவாணியின் பொழுதுபோக்குச் சேவையாக விவித் பாரதி பிறந்தது. 1967-ல் அதில் விளம்பரம் நுழைந்தது. 1976-ல் தூர்தர்ஷனும் விளம்பரம் வாங்கத் தொடங்கியது.

விளம்பரத்தின் நல்ல பக்கத்தை மறுக்க முடியாது. நேயர் என்ன விரும்புகிறார் என்று கவனிக்க வைக்கிறது. ஆனால் நாகஸ்வரக் கச்சேரிக்கும் மீனவர் வானிலைக்கும் விளம்பரதாரர் வரமாட்டார். வருவாய் குறைந்த நிகழ்ச்சி முதலில் நேரம் மாற்றப்படும், பிறகு சுருக்கப்படும், பிறகு காணாமல் போகும். இந்த வழியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: பிரசார் பாரதிக்கு வரும் விளம்பரத்தில் கணிசமான பகுதி அரசுத் துறைகளின் விளம்பரம். அதைச் சொந்த வருமானம் என்று கணக்கில் எழுதலாம். ஆனால் கொடுக்கும் கை அதே கைதான்.

இந்த வழியில் உண்மையாகவே வெற்றி பெற்றது ஃப்ரீ டிஷ். ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் இல்லை. ஓட்டு வீடுகளின் மேலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளின் மேலும் இருக்கும் அந்தச் சிறு டிஷ்கள் கோடிக்கணக்கான வீடுகளைச் சேர்ந்தவை. அவர்களைச் சென்றடைய விரும்பும் தனியார் சேனல்கள் ஏலத்தில் போட்டி போடுகின்றன. ஏழை நேயரிடம் ஒரு காசு வாங்காமல், நிகழ்ச்சியின் தரத்தையும் கெடுக்காமல் வரும் பணம் இது. குறை என்னவென்றால், இந்தி சேனல்களின் போட்டியே ஏலத்தை நடத்துகிறது. தமிழ் வீடுகளுக்கு ஃப்ரீ டிஷ்ஷில் கிடைப்பது குறைவு. இங்கே கேபிள் இன்னும் வலுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

## வழி 6: நன்கொடை

அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், பொது வானொலியான என்பிஆர் ஆகியவற்றின் நிலையங்கள் நேயர்களின் நன்கொடை, அறக்கட்டளைகள், கொஞ்சம் மத்திய நிதி ஆகியவற்றில் நடந்தன. 1967-ல் அமைந்த சிபிபி நிறுவனம் அந்த மத்திய நிதியைப் பகிர்ந்து கொடுத்தது. அரசியல் தலையீட்டைத் தடுக்க நிதியை இரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே ஒதுக்கும் ஏற்பாடும் இருந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் சிபிபி தன் பணிகளை மூடுவதாக அறிவித்தது. பெருநகர நிலையங்கள் நன்கொடையில் தாக்குப்பிடிக்கும். நன்கொடையாளர் குறைந்த சிற்றூர் நிலையங்கள்தாம் அடிவாங்குகின்றன. தர்மபுரியிலும் நாகர்கோவிலிலும் நிலையம் நடத்த வேண்டிய நாட்டுக்கு இது வழியல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | பணத்தை யார் நிறுத்தலாம் | சுமை | வசூல் தொல்லை | நிகழ்ச்சி மீது விளைவு |
|---|---|---|---|---|
| உரிமக் கட்டணம் | அரசு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை | ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றே | மிக அதிகம் | நல்லது |
| வீட்டுப் பங்களிப்பு | சட்டமன்றங்கள். ஆணையம் இருந்தால் கடினம் | ஒரே தொகை, சில விலக்குகள் | நடுத்தரம் | நல்லது |
| வருமானத்தோடு தனி வரி | நாடாளுமன்றம் | மிக நியாயம் | குறைவு | நல்லது |
| ஆண்டு மானியம் | அமைச்சகம், எந்த மாதமும் | பரவலானது | இல்லை | மதில் இல்லாவிட்டால் ஆபத்து |
| விளம்பரம் | விளம்பரதாரர், தினமும் | நேரடியாக இல்லை | இல்லை | சிறுபான்மை நிகழ்ச்சிகள் சாகும் |
| நன்கொடை | கொடுப்பவர் | விரும்பியவர் மேல் | ஓயாத வேண்டுகோள் | வசதியானவர் ரசனை பக்கம் சாயும் |

## என் தேர்வு

இந்தியாவுக்கு நான் பட்ஜெட் மானியத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இன்றைய வடிவில் அல்ல.

மாதிரியைத் தேடி ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை எந்த அமைச்சரும் ஆண்டுதோறும் தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 280-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒரு நிதிக்குழு வந்து சொல்கிறது. அதே போல் ஐந்தாண்டுக்கு ஓர் ஒலிபரப்பு நிதி ஆணையம் அமையட்டும். மாநிலங்களின் பிரதிநிதிகளும் அதில் இருக்கட்டும். பிரசார் பாரதி அதன் முன் கணக்கைத் திறந்து காட்டட்டும். ஆணையம் சொல்லும் தொகை, உச்ச நீதிமன்றச் செலவுகளையும் யுபிஎஸ்சி செலவுகளையும் போல, நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு விடப்படாமல் தொகுப்பு நிதியிலிருந்து நேரே போகட்டும். அமைச்சகம் வழியாகச் சுற்றி வர வேண்டாம். ஃப்ரீ டிஷ் ஏலப் பணம் முழுவதும் நிறுவனத்திடமே இருந்து, அதில் ஒரு பங்கு மாநில மொழி நிகழ்ச்சிகளுக்கு என்று கட்டப்படட்டும். செய்தி, வேளாண்மை, செவ்வியல் இசை ஆகியவற்றில் விளம்பரம் வேண்டாம்.

நிதிக்குழுவின் பரிந்துரையையும் அரசுதானே ஏற்க வேண்டும், அதை உதறித் தள்ளினால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜெர்மனியிலேயே மாநிலங்கள் உதறியிருக்கின்றன. ஆனால் உதறுவதற்கு ஒரு விலை இருக்கும்: காரணத்தை எழுத்தில், நாடாளுமன்றத்தில் சொல்லியாக வேண்டும். இன்று ஒரு கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதும்.

பணத்தை மட்டும் சரிசெய்து நியமனத்தை விட்டுவிட்டால் பயனில்லை. வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் மூவர் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் வர வேண்டும். 23-ஆவது பிரிவின் ஆணைகள் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். ஊழியர்களை எடுக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் முழுமையாக இருக்க வேண்டும். 1978-ல் பி.ஜி. வர்கீஸ் குழு தன்னாட்சி அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. 2014-ல் சாம் பிட்ரோடா குழுவும் அரசின் பிடியைத் தளர்த்தச் சொன்னது. பரிந்துரைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

என் தேர்வு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. நீதிமன்றம் வலுவாக இருந்து, வருமானப் பதிவு முழுமையாக இருக்கும் சிறிய நாடு பின்லாந்து வழியில் போகலாம். ஒலிபரப்பு மாநிலங்களின் கையில் இருக்கும் கூட்டாட்சிக்கு ஜெர்மனியின் வழி சிறந்தது. தமிழ்நாட்டு நிலையங்கள் என்றாவது தமிழ்நாட்டுக்குப் பதில் சொல்லும் அமைப்பாக மாறினால், அப்போது வீட்டுப் பங்களிப்பைப் பற்றி நானும் மறுபடி யோசிப்பேன்.

இதில் உடனே செய்யக்கூடியதும் உண்டு. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை ஒவ்வோர் ஆண்டும் தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்கிறது. அதன் அறிக்கை மக்களவை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிரசார் பாரதிக்கு எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு செலவானது என்பது அதில் இருக்கும். உங்கள் தொகுதி எம்.பி. அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு கடிதம் எழுதி, 13-ஆவது பிரிவில் சொன்ன 22 பேர் குழு ஏன் இன்னும் அமையவில்லை என்று கேளுங்கள். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய வரியும் தேவையில்லை.